குடியிருப்போரும் குடிமக்களும்

ஒருவர் ஓர் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கலாம். ஆயினும் அவ்வூரின் குடிமகனாக இல்லாதிருக்கலாம். போலாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் வரலாறே இதற்குச் சான்று. நம் முன்னோர் இங்கு வந்து குடியேறி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. குடிமக்கள் என்னும் பெயர் நமக்கு வாய்த்ததோ 1950-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாளில்தான். இடைப்பட்ட நீண்ட காலத்தில் நாம் யாராக இருந்தோம், பின்னர் எவ்வாறு குடிமக்களானோம், ஆன பின்னர் அவ்வுரிமையை எங்ஙனம் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பவற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

முன்னாளில் 'பிரஜை' என்ற சொல்லே வழக்கில் இருந்தது. வடமொழியில் அச்சொல்லுக்குப் பிள்ளை என்றும் ஒரு பொருள் உண்டு. அரசன் தந்தை, மக்கள் பிள்ளைகள். பிள்ளை கேட்கலாம், அழலாம், அடம் பிடிக்கலாம். ஆனால் வீட்டுக் கணக்கைக் காட்டு என்று தந்தையை வினவ இயலாது. 'குடிமகன்' என்ற சொல்லிலும் மகன் இருக்கிறான் என்பது உண்மையே. எனினும் இவன் குடிக்கு மகன்; கோனுக்கு மகன் அல்லன். சொல்லில் உள்ள இவ்வேறுபாடு அரசியலிலும் உண்டு.

போலாரத்தின் கதை பட்டாளத்தின் கதை. 1798-ஆம் ஆண்டில் ஐதராபாத் நிசாமுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் துணைப்படை உடன்படிக்கை ஏற்பட்டது. கம்பெனிப் படை உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கூடாரமடித்தது. 1806-இல் அவ்விடத்திற்கு நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் என்று பெயரிடப்பட்டது. இன்றும் நகரின் மூத்தோர் அதனை 'லஷ்கர்' என்றே அழைப்பர். படை என்பது பொருள். அதற்கும் வடக்கே போலாரத்தில் நிசாமின் செலவில், ஆங்கில அதிகாரிகளின் கீழ் நடந்த 'ஐதராபாத் கண்டிஞ்செண்டு' என்னும் வேறொரு படை தங்கியது. அப்படையின் செலவுக்கென்றே 1853-இல் பேரார் மாகாணம் நிசாமின் கையிலிருந்து கம்பெனியின் நிர்வாகத்திற்குப் போயிற்று. ஒரு சிற்றூரின் பாளையம் ஒரு மாகாணத்தையே விழுங்கிற்று என்றால் மிகையாகாது.

செகந்தராபாத்தில் தங்கியது சென்னை இராணுவத்தைச் சேர்ந்த படை. ஆகவே அதனுடன் தமிழர் வந்தனர். சிப்பாய்களாக வந்தோர் சிலர். சிப்பாய்க்குச் சோறு சமைக்கவும், துணி வெளுக்கவும், கணக்கு எழுதவும், கட்டடம் எழுப்பவும், துரைமார்க்குத் துபாஷியாக நிற்கவும், பட்டாளத்திற்குத் தானியமும் துணியும் குத்தகைக்கு வழங்கவும் வந்தோர் பலர். 1874-இல் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. நூற்றாண்டின் இறுதியில் போலாரம் வழியாக மன்மாடு செல்லும் மீட்டர் கேஜ் பாதையும் அமைந்தது. இரயிலோடு மேலும் தமிழர் வந்தனர். பட்டாளமும் இரயிலும் இல்லாதிருந்தால் இம்மலரை வாசிக்க இங்கு யாரும் இருந்திருக்க மாட்டோம்!

இங்ஙனம் வந்தோரின் நிலை விந்தையானது. மண் நிசாமுடையது, கண்டோன்மென்ட்டில் செல்லும் சட்டம் ஆங்கிலேயருடையது. எல்லை தாண்டினால் நாணயமே வேறு. இங்கே பிரிட்டிஷ் ரூபாய், அங்கே ஹாலி சிக்கா. தபால் தலையும் வேறு. நிசாமின் அவையிலும் நமக்குக் குரல் இல்லை. சென்னை மாகாணச் சட்டசபையிலும் இல்லை. பிறந்த ஊரில் 'ஐதராபாத்காரர்' என்றும், வாழும் ஊரில் 'மதராசி' என்றும் அழைக்கப்பட்டனர். அதிகாரம் முழுதும் பட்டாளத் தலைவரின் கையில் இருந்தது. 1855-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், மொகரம் ஊர்வலத்திற்கு விதிக்கப்பட்ட தடை காரணமாக இதே போலாரத்தில் குதிரைப்படையினர் கொதித்தெழுந்து, தளபதி காலின் மெக்கன்சியைத் தாக்கிப் படுகாயப்படுத்தினர். மனுக் கொடுக்கவும் முறையிடவும் வழியில்லாத இடத்தில் மனக்குறை வாளாக மாறியது.

வாக்குரிமை இல்லாத அந்நாளிலும் பொதுநலம் நாடியோர் இருந்தனர் என்பதை நாம் பெருமையுடன் நினைக்க வேண்டும். 1862-ஆம் ஆண்டில் சோமசுந்தரம் முதலியார் என்னும் தமிழ்ப் பெரியார் செகந்தராபாத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் மெகபூப் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1893-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சிகாகோ செல்வதற்குச் சில மாதங்களுக்கு முன், சுவாமி விவேகானந்தர் பெருங்கூட்டத்தின் முன்னே சொற்பொழிவாற்றியது அக்கல்லூரியில்தான். தம் இனத்தார்க்கு மட்டும் ஒரு மடமோ சத்திரமோ கட்டியிருந்தால் முதலியாரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ ஊரார் அனைவரும் படிக்க வேண்டும் என்று எண்ணினார். வந்தேறிய ஊரைத் தம் ஊராகக் கொண்டவரின் செயல் அது. சட்டம் குடிமகன் என்று ஒப்புமுன்னரே அவர் குடிமகனாக நடந்துகொண்டார்.

இன்னொருவரையும் இங்கே குறிக்க வேண்டும். அவர் தமிழர் அல்லர், செல்வரும் அல்லர். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், நமக்கு அண்மையில் உள்ள பேகம்பேட்டையில், இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். 1902-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அக்கொசுக்களைத் தம் உடலில் கடிக்கவிட்டு இரத்தம் கொடுத்தவர் உசேன் கான் என்னும் நோயாளி. கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலி பெற்றார். ராஸின் பெயரால் பேகம்பேட்டையில் நிலையம் இருக்கிறது. உசேன் கானை நினைப்பார் அரியர். நாடு முன்னேறியது என்று நாம் எழுதும்போது பொறியாளர், மந்திரி, விஞ்ஞானி ஆகியோரின் பெயர்களை எழுதுகிறோம். கையை நீட்டிக் கொசுக்கடி வாங்கியவரின் பங்கும் அக்கணக்கில் சேர வேண்டும். அந்த அறிவு பிறந்த இடத்திற்குச் சில கல் தொலைவில் வாழும் நாம், மாடியில் உடைந்த தொட்டியிலும் தேங்காய் ஓட்டிலும் மழைநீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, 'முனிசிபாலிட்டி மருந்து அடிக்கவில்லை' என்று குறை கூறுவது வேடிக்கைதான்.

1947-இல் இந்தியா விடுதலை பெற்றபோது போலாரத்திற்கு விடுதலை வரவில்லை. நிசாம் இந்தியாவோடு சேர இசையவில்லை. அவ்வாண்டு நவம்பர் 29-இல் நிலைமை நீடிப்பு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. இந்தியாவின் பிரதிநிதியாக வந்த கே. எம். முன்ஷி போலாரத்தில்தான் தங்கினார். 1948 செப்டம்பர் 13-ஆம் நாள் இந்தியப் படை சமஸ்தானத்துள் நுழைந்தது. 17-ஆம் நாள் நிசாம் பணிந்தார். 18-ஆம் நாள் அவருடைய தளபதி எல் எத்ரூஸ், மேஜர் ஜெனரல் சௌத்ரியிடம் சரணடைந்தார். ஐந்து நாளில் ஓர் அரசு முடிந்தது. அதற்கு முன் இரசாக்கர்களின் கொடுமையால் மாண்டவர் பலர். பின்னர் மாவட்டங்களில் பழிவாங்கலுக்கு இரையான முஸ்லிம்களும் பலர். பின்னதை விசாரித்து வரப் பண்டித சுந்தர்லால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவையே அனுப்ப நேர்ந்தது. முன்னதைப் பேசிப் பின்னதை மறைப்பது வரலாறு ஆகாது.

1950 சனவரி 26-இல் அரசியலமைப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதன் ஐந்தாம் விதியை நம் காலனியில் எத்தனை பேர் படித்திருப்போம்? இந்தியாவில் நிலையாக வாழ்பவர், இந்திய மண்ணில் பிறந்திருந்தாலோ, தாய் தந்தையருள் ஒருவர் பிறந்திருந்தாலோ, அல்லது ஐந்தாண்டுகளேனும் இங்கு வசித்திருந்தாலோ இந்தியக் குடிமகனாவார் என்பது அதன் சாரம். உன் சொந்த ஊர் வேலூரா, திருச்சியா, போலாரமா என்று அது கேட்கவில்லை. உன் மொழி யாது, சாதி யாது என்றும் கேட்கவில்லை. ஒரே விதியால் நிசாமின் ரயத்தும், கண்டோன்மென்ட்டின் துபாஷியும், இரயில்வே கலாசியும் ஒரே தட்டில் நின்றனர். 1860-இல் கட்டப்பட்டு ஆங்கில ரெசிடெண்டின் இல்லமாக இருந்த போலாரம் மாளிகை, அதே 1950-இல் குடியரசுத் தலைவரின் தென்னக இல்லமாயிற்று. அதுவே ராஷ்டிரபதி நிலையம். 2023-ஆம் ஆண்டில் அதன் கதவு பொதுமக்களுக்கு ஆண்டு முழுவதும் திறந்துவிடப்பட்டது. நம் பாட்டன்மார் காவற்காரனிடம் சலாம் போட்டுவிட்டு ஒதுங்கி நடந்த மதிலுக்குள் இன்று நாம் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு செல்கிறோம்.

1951-52-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்காளர் ஏறக்குறைய 17 கோடியே 30 லட்சம். ஒவ்வொரு வேட்பாளர்க்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. அவ்வேளையில் பட்டியல் தயாரித்தவர்கள் ஓர் எதிர்பாராத இடையூற்றைச் சந்தித்தனர். வடமாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே கூறினர். அங்ஙனம் பெயரின்றி இருந்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவை நீக்குமாறு தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஆணையிட்டார். கடுமையான முடிவே, ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலோர் பெயர் சொல்லிப் பதிந்துகொண்டனர். தாய்மார்கள் இதனை நினைவிற்கொள்வார்களாக. நம் வீடுகளில் இன்றும் வாக்காளர் அட்டையைக் குடும்பத் தலைவரின் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை.

இனி, சற்றே கசப்பான செய்திக்கு வருவோம். ஐதராபாத் சமஸ்தானத்தில் 'முல்கி' விதி ஒன்று இருந்தது. முல்க் என்றால் நாடு. இங்குப் பிறந்தோரும், பதினைந்து ஆண்டுகள் நிலையாக வசித்து இங்கேயே இருக்க உறுதி கொண்டோருமே அரசுப் பணிக்கு உரியர் என்பது அதன் கருத்து. வெளியிலிருந்து வந்து பதவிகளைப் பிடித்துக்கொள்வோரைக் கண்டு உள்ளூரார் கொண்ட அச்சமே இவ்விதிக்கு வித்து. 1952-இல் இதன்பொருட்டு ஐதராபாத்தில் மாணவர் கிளர்ச்சியும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. 1969-இல் தெலங்கானாப் போராட்டம் பெருந்தீயாயிற்று. நீதிமன்றங்களும் பாராளுமன்றமும் பலமுறை இதனைக் கையாண்டன. 1972-இல் உச்சநீதிமன்றம் முல்கி விதிகள் செல்லும் என்றது. 1973-இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் 371-டி என்னும் தனி விதி சேர்ந்தது. 2014 ஜூன் 2-இல் தெலங்கானா தனி மாநிலமே ஆயிற்று.

நம்மவர் சிலர் இதனைப் 'பிற மொழியார்மீது வெறுப்பு' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நம்மில் பெரும்பாலோர் இரயில்வேயிலும் பிற மத்திய அரசுப் பணிகளிலும் இருந்தமையால் இச்சண்டையின் வெப்பம் நம்மை அதிகம் தீண்டவில்லை. அண்டை வீட்டுத் தெலுங்கு இளைஞன் வேலையின்றி நிற்கையில், அவன் ஊரின் இரயில் நிலையத்தில் நாம் சம்பளம் பெற்றோம். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அரசியலமைப்பின் 16-ஆம் விதி பிறப்பிடம் பற்றி வேறுபாடு கூடாது என்கிறது. அதே விதியில், வசிப்பிடம் பற்றிச் சட்டம் செய்யப் பாராளுமன்றத்திற்கு இடமும் வைத்திருக்கிறது. எங்கும் செல்லும் உரிமையும், சென்ற இடத்து மக்களின் உரிமையும் ஒன்றையொன்று உரசும் என்பதை அதனை இயற்றியோர் அறிந்தே இருந்தனர். மூன்று தலைமுறையாக இங்கு வாழ்ந்தும் தெலுங்கு எழுத்தை வாசிக்க அறியாதிருப்பதும், உள்ளூர்ப் பத்திரிகையைத் தொடாதிருப்பதும் நமக்கு அழகல்ல. தமிழை வளர்க்கச் சங்கம் கண்ட நாம், அயலாரின் மொழிக்கும் மதிப்பளித்தால் தமிழ் குறைந்துவிடாது.

நம் நிலை எத்துணைப் பாக்கியமானது என்று உணர வேண்டுமாயின் கடல் கடந்து பார்க்க வேண்டும். நம் முன்னோர் பட்டாளத்தின் பின்னே வடக்கு நோக்கி நடந்த அதே நூற்றாண்டில், அதே மாவட்டங்களிலிருந்து வேறு தமிழர் தெற்கு நோக்கி நடந்தனர். இலங்கையின் மலைநாட்டில் முதலில் காப்பித் தோட்டங்களிலும், பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் அவர்கள் உழைத்தனர். வறுமை ஒன்றே இரு சாராரையும் கிளப்பியது. ஒருவர் ஏறிய வண்டி போலாரத்திற்கு வந்தது. மற்றொருவர் ஏறிய தோணி கடல் கடந்து போயிற்று. அவ்வளவே வேறுபாடு.

இலங்கையில் 1931-ஆம் ஆண்டிலேயே வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. போலாரத்துத் தமிழர்க்கு அது வந்தது 1952-இல். தோட்டத் தொழிலாளரும் அவ்வுரிமையைப் பெற்றனர். 1947 தேர்தலில் அவர்கள் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே, விடுதலை பெற்ற இலங்கை, குடியுரிமைச் சட்டம் இயற்றிற்று. அந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். கொழுந்து பறிக்கும் தாய் லயத்து அறையில் பெற்ற பிள்ளைக்கு எந்தப் பதிவேட்டில் சான்று? 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. இலட்சக்கணக்கானோர் ஒரு நாட்டிற்கும் உரியவரல்லாத நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவர்களில் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தனர். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். அம்மக்களை யாரும் விருப்பம் கேட்டுப் பங்கிடவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பலர், தாம் 'திரும்பி வந்த' இந்தியாவை அதற்கு முன் கண்டதேயில்லை. எஞ்சியவர்க்குக் குடியுரிமை முழுதும் தீர்ந்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால். ஐம்பத்தைந்து ஆண்டுகள்! பிறந்து வளர்ந்து, உழைத்து, இறந்தும் போன ஒரு தலைமுறை, நாடு என்று ஒன்றைச் சொல்லிக்கொள்ளாமலே போயிற்று.

இதனைப் படித்த பின்னர் பிறப்புப் பதிவை அலட்சியமாக எண்ணுவார் உண்டோ? இந்தியாவிலும் பிறந்த இடம் ஒன்றே போதும் என்ற விதி 1987-இல் மாறியது. அவ்வாண்டு ஜூலைக்குப் பின் பிறந்தோர்க்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பள்ளியில் சேர்ப்பதற்கும், வாக்காளர் பட்டியலுக்கும், கடவுச்சீட்டுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. நம் வழக்கப்படி பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். குழந்தை தமிழ்நாட்டில் பிறக்கிறது. பெயர் பிறகு வைக்கப்படுகிறது. சான்றிதழில் பெயர்க்கட்டம் வெறுமையாகவே நிற்கிறது. பள்ளியில் சேர்க்கும் நாளில், பெயரைச் சேர்க்க அவ்வூர் அலுவலகத்திற்கு இரயிலேறும் பெற்றோர் நம் காலனியில் ஆண்டுதோறும் உண்டு. தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு சான்றிதழில் முன்னும், மற்றொன்றில் பின்னும் நிற்பதால் வரும் தொல்லையோ சொல்லி மாளாது. தமிழரின் பெயர் முறைக்கும் வடநாட்டுப் படிவத்தின் கட்டத்திற்கும் என்றும் பகைதான்.

கடமைகளைப் பற்றியும் இரண்டு சொல். 1976-இல் அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகள் சேர்க்கப்பட்டன. முதலில் பத்து, 2002-இல் பதினொன்று. அவற்றுள் பொதுச்சொத்தைக் காப்பதும் ஒன்று. இரயில் பெட்டியில் குழாயைத் திறந்துவிட்டு இறங்குவோரும், இருக்கைத் துணியைக் கிழிப்போரும் வேற்று நாட்டிலிருந்து வருவதில்லை. நிசாம் இரயில்வேயாக இருந்தபோது அது நிசாமின் உடைமை. 1950-இல் இந்திய இரயில்வேயில் சேர்ந்தபின், 1966 அக்டோபர் 2-இல் தென்மத்திய இரயில்வேயானபின், அது யாருடையது?

இறுதியாக, நம் வாசலில் உள்ள ஒரு செய்தி. போலாரத்தின் ஒரு பகுதி கண்டோன்மென்ட்டில் இருக்கிறது. அடுத்த ஆல்வால் பகுதி 2007-இல் மாநகராட்சியோடு இணைந்தது. கண்டோன்மென்ட்டில் வசிப்போர் பாராளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் எல்லாரையும் போல் வாக்களிக்கலாம். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை ஆகியவற்றைக் கவனிப்பது கண்டோன்மென்ட் போர்டு. அதன் தலைவர் இராணுவ அதிகாரி. உறுப்பினர் சிலரை மக்கள் தேர்ந்தெடுப்பர். செகந்தராபாத் போர்டுக்கு 2015 சனவரியில் தேர்தல் நடந்தது. அதன் பின், 2023 ஏப்ரல் 30-இல் தேர்தல் என்று அறிவித்தார்கள்; மார்ச்சுத் திங்களிலேயே அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2018-இல் கண்டோன்மென்ட்டின் மூடிய சாலைகளைத் திறக்கப் பாதுகாப்பு அமைச்சகம் ஆணையிட்டது, மக்கள் ஒன்றுகூடி ஆண்டுக்கணக்கில் கேட்டதன் பயன். வாளுயர்த்திய 1855-க்கும் மனுவுயர்த்திய 2018-க்கும் இடையே போலாரம் கடந்துவந்த தூரம் கொஞ்சமன்று.

எனினும் ஒரு முடிச்சு அவிழாமல் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், இராணுவ நிலத்தில் அனுமதியின்றிக் குடியிருப்போர் பெயர் போர்டின் வாக்காளர் பட்டியலில் இடம்பெறலாகாது என்று கூறிற்று. அதன் விளைவாகச் செகந்தராபாத்தில் ஆயிரக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டன. பட்டாளத்திற்குச் செங்கல் சுமந்தவர், துணி வெளுத்தவர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் வாழும் குடிசைகளும் அவற்றுள் உண்டு. அவர்கள் நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுக்க உதவும் வாக்கை அளிக்கலாம். தம் தெருக்குழாயைப் பற்றிக் கேட்க வேண்டிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க இயலாது. வீட்டெண் உடைய நாம் அந்த உறுப்பினரிடம் செல்லும் நாள் வந்தால், குழாய் வராத தெருவையும் சேர்த்துப் பேச வேண்டியவர் நாமே.